இழைப்புளி வீட்டுச் சாமான்கள்

பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் இழைப்புளி. மரத்தை இழைக்கும் கருவியின் பெயரே ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. அலமாரி செய்தால் சுவரைப் பார்த்து நிற்கப்போகும் முதுகுப் பலகையைக்கூட இழைத்துத்தான் அனுப்புவார். இழுப்பறையின் அடிப்பக்கத்தை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? அதையும் இழைப்பார். "இவர்கிட்ட பல்குச்சி செய்யச் சொல்லாதீங்கப்பா, நம்ம பல்லு விழுந்த பிறகுதான் கைக்கு வந்து சேரும்" என்று பட்டறை முதலாளியே வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். தச்சர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை. சொரசொரப்பான மரத்தைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

அவர் மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள். நாற்பது வயதுக்கு மேல் அவளுக்குக் கண் நரம்பு கெட ஆரம்பித்தது. முதலில் ஓரங்கள் மங்கின. அப்புறம் நேர் எதிரே இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. இனித் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும் என்றார் டாக்டர். இருப்பதும் நிற்கவில்லை.

பார்வை குறையக் குறைய, தச்சர் வீட்டுச் சாமான்களில் கை வைத்தார். கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் விரல் ஓடும் அளவுக்கு நீளமாக ஒரு வரிப்பள்ளம் எடுத்தார். அலமாரியின் முனையை உருட்டி, இடுப்பு உயரத்தில் மூன்று சின்னக் குமிழ்கள் செதுக்கினார். சாப்பாட்டு மேசையின் விளிம்பில் அலைபோல ஒரு வளைவு. சமையலறைக்குப் போகும் வழியில் இருந்த முக்காலியின் தலையைக் கிண்ணம்போலக் குழித்தார். கை எதைத் தொட்டாலும் அது என்ன, தான் எங்கே நிற்கிறோம், அடுத்த எட்டு எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பள்ளத்தில் தொடங்கினால் குமிழ், குமிழிலிருந்து கை நீட்டினால் அலை, அலை முடிகிற இடத்தில் கிண்ணம், கிண்ணத்தைத் தாண்டினால் அடுப்பு.

கோல் பிடிக்காமல் நடந்தாள். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், அவள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும்வரை, பார்வை இல்லாதவள் என்று கண்டுபிடிக்க மாட்டார்கள். தச்சர் சர்க்கரை டப்பாவைச் சத்தமில்லாமல் திறந்தால்கூட, "எனக்குத்தான் கண்ணு தெரியாது, உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கறதும் தெரியாதா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் ஒருநாள் தச்சர் மயங்கி விழுந்தார். பகல் வேளை. பக்கத்து வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் வாசலைத் தாண்டி, சுவரைத் தடவிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போய், யார் என்று தெரியாத ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் விஷயம் வெளிநாட்டில் இருக்கும் மகன் காதுக்குப் போனது.

"போதும்பா. ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. நானும் உங்க மருமகளும் இருக்கோம், பாத்துக்கறோம்" என்றான் மகன்.

தச்சர் சரி என்றுவிட்டார். இரண்டு நாள் கழித்து, மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"அங்க போனா நான் எப்படிங்க நடப்பேன்? எப்பப் பாரு செவத்தப் புடிச்சிக்கிட்டே நிக்கணுமா? மருமவ வந்து கையப் புடிச்சி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணுமா?"

"எதுக்கு? இந்தக் கட்டில், அலமாரி, மேசை, முக்காலி எல்லாம் நம்ம கூடவே வருது."

"கடல் தாண்டியா?"

"நாமளே தாண்டறோம், அதுங்களுக்கு என்ன?"

"நெசமாவா?"

"நீ இங்க எப்படி நடக்கறியோ, அங்கயும் அப்படியே நடப்ப. அதுக்கு நான் பொறுப்பு."

அவள் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது.

மகனிடம் சொல்லி, அவர்களுக்கென்று ஒதுக்கிய அறையின் நீள அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், சன்னல் எங்கே என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்பா, இந்த நாட்லயும் கட்டில் விக்கிறாங்கப்பா. கப்பல்ல ஏத்தி எறக்கற செலவுக்கு நாலு கட்டில் வாங்கலாம்."

"கட்டில் கிடைக்கும்டா. உங்கம்மா கைக்குத் தெரிஞ்ச கட்டில் கிடைக்குமா?"

அடுத்த வாரம் மகன் கப்பல் செலவுக்குப் பணம் அனுப்பினான்.

வீட்டுச் சாமான்களைக் கட்டிக் கப்பலுக்கு அனுப்பும் கம்பெனியிலிருந்து ஒரு மேஸ்திரி வந்து பார்த்தார். வெற்றுக் கண்ணாலேயே அறையை எடை போடுகிற ஆள், வாயும் கொஞ்சம் அதிகம்.

"பெரிய சாமானுக்கெல்லாம் மரப்பெட்டி அடிக்கணும்ணே. எங்க ஆளுங்களே வந்து அடிச்சிடுவாங்க."

"உங்க ஆளுங்க அடிச்ச பெட்டிய நான் பாத்திருக்கேன் தம்பி. ஆணி உள்பக்கம் எட்டிப் பாக்கும். நானே அடிச்சிக்கறேன், நீங்க பலகைய மட்டும் அனுப்புங்க."

மேஸ்திரி சிரித்தார். "கல்யாணப் பொண்ணுக்கே மேக்கப் போடறவங்க வேற ஆளு. நீங்க பெட்டி அடிக்கறதக்கூட வேற ஆள்கிட்ட விட மாட்டேங்கறீங்களே. சரிண்ணே, உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். நாங்க அனுப்பறது சூடு காட்டின மரம். அதுலதான் பெட்டி செய்யணும். வேற மரம் ஒரு துண்டு சேரக்கூடாது, சேந்துச்சுன்னா அந்தப் பக்கத் துறைமுகத்துல புடிச்சிக்குவான்."

"ஒரு சிம்புகூடச் சேராது."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. வந்து இறங்கிய பலகைகளைத் தவிர வேறு மரம் ஒரு துண்டுகூட அந்தப் பெட்டிகளில் சேரவில்லை.

பலகைகள் மட்டமான மரம். வாளில் அறுத்தபடியே, சிம்பு சிம்பாக நின்றன. தச்சர் அவற்றைக் கூடத்தில் சாய்த்து வைத்திருந்தபோது, மனைவி வழக்கம்போல நடந்துவந்து, புதிதாக ஏதோ வழியில் இருப்பது தெரிந்து, கையை வைத்தாள்.

"இதுலயா நம்ம அலமாரிய வைக்கப் போறீங்க? முள்ளு மாதிரி இருக்கு." விரல் கொஞ்சம் நகர்ந்தது. "இங்க பாருங்க, இது இன்னும் மோசம். சுட்டு வெச்ச தழும்பு மாதிரி சொரசொரன்னு இருக்கே."

அவர் குனிந்து பார்த்தார். பலகையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து ஒரு குறி போட்டிருந்தார்கள். ஒரு சின்னப் படம், பக்கத்தில் சில எழுத்துகள். எல்லாப் பலகையிலும் ஒன்றிரண்டு இடத்தில் அதே குறி இருந்தது.

தச்சுவேலை தெரிந்த யாருக்கும் இது புதிதல்ல. மரக்கடையிலிருந்து வருகிற மரம் எல்லாமே ஏதாவது ஒரு குறியோடுதான் வரும். ஒருவன் பெயின்டில் கோடு போட்டிருப்பான், ஒருவன் சுத்தியலால் அச்சு அடித்திருப்பான், ஒருவன் சுண்ணாம்பில் எண் எழுதியிருப்பான். மரம் பட்டறைக்குள் வந்ததும் தச்சன் செய்கிற முதல் வேலையே கடைக்காரன் குறியை இழைத்து எடுப்பதுதான். கடைக்குறி தெரிகிற மரத்தில் வேலை செய்தால், எச்சில் தட்டில் சாப்பாடு போட்டதுபோல என்பார் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். வாழ்நாள் முழுக்க அவர் இழைத்து எடுத்த குறிகளுக்குக் கணக்கு ஏது?

இழைப்புளியை எடுத்தார். எல்லாப் பலகைகளையும் இரண்டு பக்கமும் இழைத்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்து கூடம் நிறைந்தது. அந்தக் குறிகளும் மெல்லிய கறுப்புச் சுருள்களாக உதிர்ந்து, மற்றவற்றோடு கலந்துபோயின. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இழைத்த பலகை ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, "ம், பட்டு" என்று சொல்லி அடுத்ததற்குக் கை நீட்டினாள். இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நெடுநாளாகியிருந்தது.

சாமான் ஏற்ற வந்த நாளன்று மேஸ்திரி வரவில்லை. அவருக்கு வேறு வீட்டில் வேலை. சுமை தூக்குகிறவர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எது கனம், எது உடையும் என்பதுதான். "என்னா பெருசு, பெட்டியே சீர்வரிசை மாதிரி இருக்கு!" என்று ஒருவன் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பெட்டிகளைச் சுற்றி அட்டையும் நெகிழித்தாளும் கட்டி, கன்டெய்னருக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். தச்சரின் உளிகள், வாள்கள், இழைப்புளிகள் எல்லாம் அலமாரியின் அடித்தட்டில் துணி சுற்றிப் போயின.

வண்டி போன பிறகு மனைவி கூடத்துக்கு வந்தாள். பழகிய இடத்தில் கை நீட்டினாள். காற்றுதான் இருந்தது. இன்னும் ஓர் எட்டு வைத்து, நிலைக்கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் குடியிருந்த வீடு.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவளே சொல்லிக்கொண்டாள். "கொஞ்ச நாளைக்குத்தானே."

சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர்களும் புறப்பட்டுப் போனார்கள்.

மகன் வீடு உயரமான கட்டடத்தின் நடு மாடியில் இருந்தது. அவர்களுக்கான அறையைக் காலியாகவே வைத்திருந்தான். தரையில் ஒரு மெத்தை மட்டும். மருமகள் நல்லவள். ஆனால் வேலைக்குப் போய் வருகிற பெண்ணுக்கு, செருப்பை ஒருநாள் கழற்றிய இடத்தில் மறுநாளும் கழற்ற வேண்டும் என்பது எப்படித் தோன்றும்? நடைவழியில் பை கிடக்கும். நாற்காலி இடம் மாறியிருக்கும். "அய்யய்யோ அத்தை, அடி பட்டுச்சா? நான்தான் வெச்சிட்டேன், மன்னிச்சிக்கோங்க" என்று ஓடிவருவாள். "அதெல்லாம் இல்லம்மா" என்பாள் இவள். பிறகு தச்சரிடம் மெதுவாக, "கப்பல் எங்க வந்திருக்காம்?" என்று கேட்பாள்.

மகனின் போனில் கப்பல் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. தச்சர் தினமும் அந்தப் புள்ளியைப் பார்த்து அவளிடம் சொன்னார். பாதிக் கடல் வந்துவிட்டது. முக்கால் கடல் வந்துவிட்டது. கடைசியில், "துறைமுகத்துல நிக்கிது" என்றார். அவள் அன்றைக்கு எழுந்து, சுவரைப் பிடித்தபடி அறையை ஒரு சுற்று வந்து, "இங்க அலமாரி. இங்க மேசை. சரிதானே?" என்றாள்.

"அச்சு அசலா அப்படியே."

அதன் பிறகு சாமான் வரவில்லை. மகனுக்கு ஒரு தகவல்தான் வந்தது, துறைமுக அலுவலகத்துக்கு நேரில் வரச்சொல்லி.

அப்பாவும் மகனும் போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி அம்மா. மரியாதையாகத்தான் பேசினார். தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அட்டையும் நெகிழித்தாளும் உரித்த நிலையில் தச்சரின் பெட்டிகள் நின்றிருந்தன. வெளிச்சத்தில் பளபளத்தன.

"ரொம்ப அழகான வேலையாம்பா" என்று மகன் மொழிபெயர்த்தான். "இந்த மாதிரி பெட்டி இங்க வந்ததே இல்லியாம்."

தச்சருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"முத்திரை எங்கன்னு கேக்கறாங்க."

"என்ன முத்திரை?"

அந்த அம்மா வேறு ஒரு படத்தைக் காட்டினார். ஒரு சின்ன உருவம், பக்கத்தில் சில எழுத்துகள், சூட்டுக்கோலால் வைத்ததுபோல. சூளையில் சூடு காட்டி, உள்ளே இருக்கும் பூச்சியைக் கொன்ற மரம் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அந்த முத்திரை இல்லாத மரம் எல்லை தாண்டி உள்ளே வர முடியாது.

தச்சர் திரையில் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இருந்துச்சு. எல்லாப் பலகையிலும் இருந்துச்சு. நான்தான் இழைச்சிட்டேன்."

மகன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை அப்படியே சொன்னான். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை.

"நம்பறாங்களாம். ஆனா இதை நம்பி விட்டா, நாளைக்கு முத்திரை இல்லாம வர்ற ஒவ்வொருத்தரும் இழைச்சிட்டேன்னுதானே சொல்லுவாங்கன்னு கேக்கறாங்க."

"பெட்டிய எரிச்சிடட்டும். உள்ள இருக்கறத மட்டும் குடுக்கச் சொல்லு."

"உள்ள இருக்கறதும் பழைய மரமாம்பா. முத்திரையில்லாத பெட்டியோட ஒட்டி இத்தனை நாள் வந்திருக்கு. அதையும் விடமாட்டாங்களாம். ஒண்ணு வந்த ஊருக்கே திருப்பி அனுப்பலாம். இல்லேன்னா அவங்களே எரிச்சிடுவாங்க."

"திருப்பி அனுப்பட்டும். அங்கயே முத்திரை போட்டு வாங்கி மறுபடி அனுப்பச் சொல்லலாம்."

"திருப்பி அனுப்ப அங்க ஒரு முகவரி வேணும். கையெழுத்துப் போட்டு எடுத்துக்க ஒரு ஆள் வேணும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் குடியிருந்தது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அங்கே யாரும் மிச்சமில்லை. அங்கிருந்தபடியே மகன் கம்பெனிக்குப் போன் போட்டான். மேஸ்திரிதான் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும், "அண்ணே, முத்திரைய இழைப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லியேண்ணே" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, மறுபடி அழைத்தார். கம்பெனி பொறுப்பேற்க முடியாதாம்.

எரிக்கச் சம்மதம் என்று மகன் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடுவதற்குள் தச்சர் அவன் முழங்கையைப் பிடித்தார்.

"ஒரு அலமாரிக் கதவு மட்டும் கேட்டுப் பாரேன். இல்ல, அந்த முக்காலி. சின்னதுதானே."

மகன் கேட்டான். அந்த அம்மா தலையை ஆட்டினார். முடியாது என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பி வரும் வழியில், ரயிலில், மகன் கேட்டான்.

"அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"கம்பெனிக்காரன் தப்பான மரத்தக் குடுத்துட்டான்னு சொல்லு."

"ஏம்பா? நீங்க தெரியாம செஞ்சதுதானே. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தச்சர் சன்னலைப் பார்த்தபடி சொன்னார். "குறி இருக்கற எடத்த விரல் வெச்சு காட்டினதே உங்கம்மாதான்டா. சொரசொரன்னு இருக்குன்னு சொன்னா. அவளுக்கு இது தெரியவே கூடாது."

அப்படியே சொன்னார்கள். அவள் நம்பினாள். அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து மேஸ்திரியைத் திட்ட ஆரம்பித்தாள். "அந்தப் பாவி வாயி ஒரு முழத்துக்கு இருந்துச்சு, நல்ல மரம் குடுக்கத் தெரியல. அவன் வீடு வெளங்குமா?" சாப்பிடும்போது திட்டினாள், தலை வாரும்போது திட்டினாள். தச்சர் ஒவ்வொரு முறையும் "ம்" கொட்டினார். அந்த மனிதர் இரண்டு முறை போன் செய்து அவளை விசாரித்ததை அவர் சொல்லவே இல்லை.

மகன் புதுச் சாமான்கள் வாங்கிப் போட்டான். அட்டைப் பெட்டியில் துண்டு துண்டாக வந்து, திருகாணி போட்டு முடுக்குகிற வகை. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. தச்சர் அவற்றைப் பழைய வீட்டில் இருந்த வரிசையிலேயே நிறுத்தினார். இடம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எல்லா விளிம்பும் ஒரே மாதிரி, வழுவழுப்பாக, கூராக இருந்தன. கடையில் ஓர் உளி வாங்கிவந்து மேசை ஓரத்தில் வளைவு எடுக்கப் பார்த்தார். பலகை ஈர மண்போல உதிர்ந்தது. அதற்கு மேல் அதைத் தொடவில்லை.

அவள் நடந்து பார்த்தாள். கட்டிலைத் தொட்டு மேசை என்றாள், மேசையைத் தொட்டு அலமாரி என்றாள். ஒருநாள் தனியாக எழுந்து, அலமாரி என்று நினைத்து மேசை முனையில் பாரம் போட்டாள். கனமில்லாத மேசை. அவளோடு சேர்ந்து சாய்ந்தது. மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் பிரித்த பிறகும் அவள் எழுந்து நடக்கவில்லை. தேவைக்கு மட்டும் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். மற்ற நேரமெல்லாம் கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். திட்டுவதும் நின்றுபோனது. அதுதான் தச்சரை அதிகம் பயமுறுத்தியது.

ஒரு பிற்பகலில், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, அவர் புது அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இந்தாம்மா, எந்திரிச்சி வா. நான் இங்க நிக்கறேன். கைய நீட்டு."

வெகுநேரம் கழித்து எழுந்தாள். ஓர் எட்டு, இன்னோர் எட்டு. நீட்டிய கை அவர் தோளில் பட்டது. தோளிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தாடை என்று தடவிப் பார்த்தாள். தாடை ஈரமாக இருந்தது.

"இப்ப நான் மேசைகிட்ட போய் நிப்பேன். அப்புறம் சமையக்கட்டு வாசல்ல. நீ பாட்டுக்கு நடந்து வா. தெனமும் இப்படியே செய்யலாம்."

"தெனமுமா?"

"தெனமும்தான். எனக்கு வேற என்ன வேலை?"

"நீங்க மறுபடி மயக்கம் போட்டு விழுந்துட்டீங்கன்னா, நான் எதைப் புடிச்சிக்கிட்டு வெளியில ஓடுவேன்?"

அவள் அதே இடத்தில் திரும்பி, வந்த வழியே கையை நீட்டியபடி இரண்டு எட்டு வைத்து, முழங்காலில் கட்டில் இடித்ததும் உட்கார்ந்தாள்.

"போங்க, நீங்களும் உக்காருங்க. எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்றாள்.

தச்சர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.